ஏ.சி. தண்ணீர்

முஹரக்கில் மூன்றாம் மாடி.
ஏ.சி. சொட்டுவதைப் பெயிண்ட் வாளியில் பிடித்து
செடிக்கு ஊற்றுகிறேன்.
குரோசரியில் வாங்கிய குண்டு வற்றல்,
பாக்கெட் அடியில் உதிர்ந்து கிடந்த விதை,
அது இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

ஜூனில் பூத்தது.
பூத்த அன்றே உதிர்த்தது.
மறுநாளும் அப்படியே.
நாற்பத்தாறு டிகிரி.
'மிளகாய்க்கே உறைக்குதே பாய்' என்று
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த ஷொஃபிகுல்
பூட்ஸைக் கழற்றாமல் நின்று சிரித்தான்.
சில்ஹெட்காரன்.
அவன் ஊர் நாகா ஒன்றுதான் மிளகாய்,
மற்றதெல்லாம் காய்கறி.

நிழலுக்கு
என் பழைய யூனிஃபார்ம் சட்டையைக் கட்டினேன்,
முதுகில் கம்பெனி பெயர் பாதி அழிந்தது.
காற்றடிக்கும்போதெல்லாம்
உள்ளே யாரோ சட்டைக் கை தேடுவதுபோலிருக்கும்.

நவம்பரில் காய்த்தது.
ஒன்று.
கோலிக்குண்டு பருமன்கூட இல்லை.
பிளேடால் இரண்டாக வகுந்தோம்,
விதை யார் பக்கம் கூட என்று
கொஞ்சம் சண்டையும் போட்டோம்.
ஆறிப்போன குப்பூஸில் வைத்து
ஒரே கடி.

ஷொஃபிகுல் எதுவும் சொல்லவில்லை.
காது மட்டும் சிவந்தது.
மூக்கை உறிஞ்சியபடி எழுந்துபோய்,
குளிர் வந்ததென்று
பத்து நாளாய் அணைத்திருந்த ஏ.சி.யைப் போட்டான்.

சற்று நேரத்தில்
வெளியே வாளியில்
டப்.