ஏழு கிலோ

தெற்கு மாரட் வீதி, ரபீக் கடைக் கண்ணாடிக்குள்
சுருண்டு கிடக்கிறது கேமரா.
இருபது மீட்டர் கம்பி, நுனியில்
மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கண்.
முப்பத்தெட்டாயிரம்.
தவணையும் உண்டு என்கிறார்
நான் கேட்காமலே.

ஜெய்ஹிந்துபுரத்தில், காலண்டர் தாளின் முதுகில்
போதும்பொண்ணு கணக்கு எழுதுகிறாள்.
"போன வருசம் எத்தன தடவ
குழாய்க்குள்ள எட்டிப் பாக்க வேண்டி வந்துச்சு?"
நாலு, என்கிறேன்.
ஒன்று கூடச் சேர்த்துத்தான்.

மரை போடும் டை செட் வேண்டாம்.
மாசி வீதிப் பழைய வீடுகளில்தான்
இன்னும் இரும்புக் குழாய்.
ரெஞ்சைப் போட்டுத் திருகினால்
மரை கழலாது,
குழாயே கையோடு வரும்.

ஸ்பிரிங் மெஷின் பெஸ்கியிடம் இருக்கிறது.
நாள் வாடகை அறுநூறு.
பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போகும் வாரம்
ஹாஸ்டல் சாக்கடையெல்லாம் ஒன்றாக அடைக்கும்.
அன்றைக்கு அவன் வாசலில்
பாதி மதுரை நிற்கும்.
நிற்கிறேன். ஒரு வாரம்தானே.

கோர் கட்டர் வாங்கினால்
அதற்குச் சோறு போடவே
சுவர் தேடி அலைய வேண்டும்.

ஆனாலும் கேமரா.

வில்லாபுரம் ஜெயசீலி டீச்சர் வீட்டுச்
சமையலறைச் சுவரில் ஈரம்,
யாரோ சாய்ந்து உட்கார்ந்து எழுந்துபோனதுபோல.
தட்டிப் பார்த்தேன். என் காதை நம்பினேன்.
பதினொரு டைல்ஸ் உடைத்தேன்.
உள்ளே குழாய் காய்ந்து, பவுடர் பூசினாற்போல்
சிமெண்ட் தூசியோடு இருந்தது.
தண்ணீர் பக்கத்து வீட்டுக் குளியலறையுடையது.
அந்த டிசைன் டைல்ஸ் இப்போது வருவதில்லை.
டீச்சர் திட்டவில்லை. காபி கொடுத்தார்.
அந்தத் தெருப்பக்கம் வண்டியைத் திருப்பி
எட்டு மாதமாகிறது.

"கேமரா இருந்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.
முக்கால் இஞ்ச் குழாய்.
மொச்சைக்கொட்டை அதற்குள் போகவே போகாது.
இரண்டு ராத்திரி தூங்காமல் ஆசைப்பட்டவனுக்கு
இது இப்போதுதான் உறைக்கிறது.
உடைக்கும் முன் எனக்கு வேண்டியிருந்தது
ஒரே ஒரு பதில்:
இந்த லைன் ஒழுகுதா, இல்லையா.

ரபீக் கடை மூலையில்
யாரும் விலை கேட்காத சிவப்புத் தகரத் தொட்டி.
நீளக் கைப்பிடி, ஒரு மீட்டர், ஒரு முள்.
டெஸ்டிங் பம்ப், மூவாயிரத்து நானூறு.
இருநூறு குறைத்தார்,
கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டு.

அன்று ராத்திரி வீட்டிலேயே ஓட்டம்.
குழாய்களை அடைத்து, வால்வை மூடி
ஏழு கிலோ ஏற்றினேன்.
கால் மணி நேரம் அசையக் கூடாது.
குக்கர் முன்னால் உட்கார்வதுபோல் இருவரும் உட்கார்ந்தோம்.

ஏழு.
ஆறரை.
ஐந்தேகால்.

"மெஷின் நல்லாத்தான் வேல செய்யுது" என்றாள்.

வாடகை வீடு.
அட்வான்ஸ் ஐம்பதாயிரம் வீட்டுக்காரர் கையில்.
சொன்னால் யார் உடைப்பது, யார் பூசுவது?

"எந்த இடத்துல ஒழுகுது?"

பம்ப் அதைச் சொல்லாது.

"அதுக்கும் ஒரு மெஷின் இருக்குமே?"

நான் பதில் சொல்லவில்லை.
சுவரில் காதை வைத்திருந்தேன்.