கம்பளியில் ஒரு முழம்

பள்ளியில் கொடுத்தனுப்பிய சீட்டில்
கிரேயான், கைத்துண்டு, தட்டுக்கு அடுத்து
‘ஃபெல்ட் போர்டு, உருவங்களுடன்.’

நாலு ரோடு கடையில் எடுத்துக் காட்டினார்கள்.
கண்ணாடி உறைக்குள் ஒரு முழுப் பண்ணை:
சிவப்புக் கூரை, ரோஸ் நிறத்தில் கொழுத்த பன்றி,
வைக்கோல் தொப்பி போட்ட விவசாயி.
அறுநூற்று நாற்பது ரூபாய்.
உறைக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன்.
துணி.
துணிதானே, துணிதானே என்று
தாதகாப்பட்டி இறங்கும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.
நாளைக்கு நாற்பது நைட்டி தைக்கிறவள் நான்.

பலகைக்கு நகைக்கடைக் காலண்டர் அட்டை.
போன வருஷத்து முருகன்.
கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கோப்பா,
உன் முதுகு வேணும்.

முதுகுக்குப் போர்த்த
பரண்மேல் கிடந்த அவருடைய சாம்பல் கம்பளி.
நாக்பூர்க் குளிருக்கென்று வாங்கியது;
எத்தனை முறை வெயிலில் போட்டும்
டீசல் வாசம் விடவில்லை.
கேட்காமல் ஒரு முழம் வெட்டினேன்.
கத்தரி பாதியில் ஒருமுறை நின்றது.
பிறகு போனது.

நைட்டித் துண்டில் மாடு வெட்டி வைத்தேன்.
வழுக்கி விழுந்தது.
அழுத்தி வைத்தேன். விழுந்தது.
பாலியெஸ்டர் மாடு
எந்தத் தொழுவத்திலும் தங்காது போல.

பக்கத்துப் போர்ஷன் செண்பகவல்லி
கொலுசுப் பட்டறையில் தேய்ந்துபோன
உப்புத்தாள் நாலைந்து கொண்டுவந்தாள்.
“இதக் கிழிச்சு முதுகுல ஒட்டிப் பாருக்கா.”
ஒட்டினேன்.
சொரசொரப்பு கம்பளியைக் கவ்விக்கொண்டது.
யார் கல்யாணத்துக் கொலுசுத் தூளோ
மாட்டின் வயிற்றுக்கு அடியில் மினுங்கிற்று.

பசைக்கு, ஒரு கைப்பிடி ஜவ்வரிசி காய்ச்சினேன்.
சேலத்தில் இருந்துகொண்டு
பசையைக் காசு கொடுத்தா வாங்குவார்கள்?
(இதற்குத் தண்டனை உண்டு.
மறுநாள் காலையில் பஸ்ஸின் பின்சக்கரத்தைக்
கரப்பான் தின்றிருந்தது.
இளவெயினிக்கு அதில் குறையொன்றுமில்லை.
“ஆட்டோ” என்று பெயர் மாற்றிவிட்டாள்.)

பச்சை நைட்டியில் சேர்வராயன் மலை.
கழுத்துக்கு வெட்டிய துண்டு என்பதால் நடுவில் பள்ளம்;
மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலைக்கும்
எங்கோ ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்கிறது.
வெள்ளை நூலில் கொண்டை ஊசி வளைவு இருபதும்
போடத்தான் உட்கார்ந்தேன்.
ஏழாவதிலேயே நூல் தீர்ந்தது.

ஆப்பிள் வேண்டும் என்றிருந்தது சீட்டில்.
மாங்காய்தான் எனக்குக் கைவந்தது.
காம்பை நடுவில் நட்டு
சிவப்புத் துணியில் வெட்டினால் ஆப்பிள்,
டீச்சர் கேட்டால்.

மின்விசிறியை ஐந்தில் வைத்ததும்
மலை பெயர்ந்து தரையில் விழுந்தது.
மூன்று சக்கர வண்டி அசையவில்லை.
“மலை எங்கடி?”
“ஏற்காடு போயிருச்சு.”

கணக்கு எழுதுகிற நோட்டில்:
ஜவ்வரிசி எட்டு ரூபாய்,
நூற்கண்டு பத்து,
அட்டை சும்மா, உப்புத்தாள் சும்மா.
கம்பளி
என்று எழுதி எதிரே ஒன்றும் எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு போன்.
“வர்ற வாரம் மறுபடியும் நாக்பூர் லோடு.
அந்தக் கம்பளிய எடுத்து வை.”
ம் என்றேன்.
“என்ன ம்?”
“பாப்பா அதுல வெளயாடுறா.”
“வெளயாடட்டும். கிழிச்சிடப் போறா.”
ம்.

திரும்பிப் பார்த்தால் பலகையில் எதுவுமில்லை.
மாடு, ஆப்பிள், வண்டி, மலை
எல்லாம் சாப்பாட்டுத் தட்டில் குவிந்து கிடக்கின்றன.
வெறும் சாம்பல் நிறம், ஒரு முழம்.
“என்னடி இது, ஒண்ணையும் காணோம்?”
“ரோடு.”
“லாரி?”
சீட்டில் இல்லாத லாரி,
அவளே கேட்டு வெட்டவைத்த நீல லாரி
மூடிய கைக்குள் இருக்கிறது.
“வருதும்மா. இரு.”

எழுந்துபோய்
மின்விசிறியை ஒன்றில் வைத்தேன்.