காற்று விழுந்த இரவுகளின் பில்

மண்டபத்தில் இறங்கியபோது காலை எட்டு ஐம்பது.
பவளத்தீவு எக்ஸ்போர்ட்ஸ் கேட்டைத் தாண்டுமுன்பே
இறால் தோலின் வாடை என் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
என்ன வேலையாக வந்தீர்கள் என்றார்கள்.
போன் பில்லைக் குறைக்கிற வேலை.
குறைகிற தொகையில் நூற்றுக்கு இருபது எனக்கு,
குறையாவிட்டால் பஸ் காசுகூட வேண்டாம்.
முதலாளி கலந்தர் ஆசிக் சிரித்தார்:
"மீன் தரகும் இப்படித்தாம்மா."

பதினெட்டு மாதத்து பில்களைத்
தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவந்தார் கணக்கர் பூமிநாதன்.
பக்கங்களுக்கு நடுவே செதில்கள் ஒட்டியிருந்தன.
நாற்பத்து மூன்று இணைப்புகள்.
பதினொன்று யார் கையில் இருக்கிறது என்று
யாருக்கும் தெரியாது.
விற்றுப்போன லாரியின் ஜிபிஎஸ் பெட்டிக்குள் ஒரு சிம்
யாருடைய சரக்கையோ ஏற்றிக்கொண்டு
தூத்துக்குடிச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது, இவர் செலவில்.
வேலையை விட்டுப் போன மேனேஜரின் மகள்
ஒன்றில் தினமும் படம் பார்த்தாள்.
ஃபேக்ஸ் மெஷினை எடைக்குப் போட்டு ஆறு வருஷம்.
அதன் வாடகை மட்டும் மாதாமாதம் வந்து நின்றது
கடனைத் தீர்த்த பிறகும் வாசலுக்கு வருகிற
வட்டிக்காரனைப் போல.

சிவப்புப் பேனாவுக்கு நல்ல பாடு.

பிறகு வாட்ச்மேன் கூரிச்சாமி.
மே மாதம் மட்டும் நாலாயிரத்து எண்ணூற்று எழுபது.
வெளிநாட்டு ரோமிங்.
"பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமே
வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் போவேன், தாயி."
தேதிகளைக் காட்டினேன். எண்ணிப் பார்த்தார்.
எல்லாம் காற்று விழுந்த இரவுகள்.
கடல் எண்ணெயாய்க் கிடக்கும்போது
அக்கரை டவர் இக்கரைக்கு வந்து
சட்டைப்பையில் தூங்குகிற போனைத் தொட்டு எழுப்பும்.
செட்டிங்கை மாற்றி, நம் டவரை மட்டும் பிடிக்கச் சொல்லி
போனைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"அப்ப நான் ஃபாரின் போனது
இத்தோட சரியா?"

மதியத்துக்குள் முப்பத்தோராயிரம் குறைத்திருந்தேன்.
மிச்சம் ஒரே ஒரு வரி.
இணைப்பு எண் பதினேழு, சலேத்தம்மாள், இறால் உரிக்கிற பகுதி.
பதினெட்டு மாதமாகப் பேச்சு பூஜ்யம்.
டேட்டா பூஜ்யம். மெசேஜ் பூஜ்யம்.
இதைவிடச் சுலபமான வெட்டு
என் தொழிலில் கிடையாது. கோடும் கிழித்துவிட்டேன்.
ஒரு கையெழுத்துக்காகத்தான் கொட்டகைக்குப் போனேன்.

கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
"அதுலதான தினம் ஊரையே எழுப்புறேன்."

விடிகாலை நாலு மணி, இருபத்தாறு வீடு.
ஒரு ரிங் விட்டு நின்றால் போட் வந்துவிட்டது, கிளம்பு.
ரெண்டு ரிங், இன்னைக்குப் பாடு இல்லை, தூங்கு.
மூணு ரிங், ஐஸ் லாரி லேட்,
பிள்ளைக்குச் சோறு கட்டிவிட்டு வா.
எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு.
வேதாளையில் ஹமீதா ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டாளாம்,
ஒரு வாரம் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

எந்த பில்லிலும் ஏறாத மணியோசை.
தினமும் இருபத்தாறு பேரின் சம்பளம்
அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறது.
என் தாளில் அதற்குப் பெயர், பயன்பாடு இல்லை.

"மாசம் என்ன அழுறாக இதுக்கு?" என்றார்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கையிலிருந்த இறால் தட்டில் விழுந்தது.
"அடப்பாவி. மணி அடிக்கவா?
நூத்துச் சொச்சத்துல எம்மருமக போடுறா."

கோட்டை அடித்து எழுதினேன்:
இணைப்பு பதினேழு தொடரலாம், மலிவுத் திட்டத்துக்கு மாற்றவும்.
அந்த மிச்சத்தில் என் இருபது சதவீதத்தைப்
போடாமல் விட்டேன். அது நான் பிடித்த மீன் இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இருட்டிவிட்டது.
புளிய இலைகூட அசையவில்லை.
பையில் என் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது.
இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.