நட்சத்திரக் குறி

வயது வந்தோர் பிரிவு என்று
கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.
வந்த வயது திரும்பிப் போகவில்லை,
இங்கே எல்லோருக்கும் அதுதான் இடைஞ்சல்.

ஜூலை முதல் தேதி உனக்கு என்ன வயதோ
அதுவே போட்டி ஆண்டு முழுக்க உன் வயது.
நடுவில் பிறந்தநாள் வந்தால்
கேக் வெட்டிக்கொள்ளலாம், பிரிவு மாறாது.
இருபத்தெட்டில் ஆரம்பித்துப் பத்துப் பத்தாக
ஐந்து கட்டு.
ஐந்தாவதற்கு மேல்கோடு இல்லை.
போடுவதற்கு யாருக்கும் கை வரவில்லை போலும்.

நேரம் பார்ப்பது என் வேலை.
காயானி நகரத்துப் பனியரங்கில்
மடித்த கம்பளி இரண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
இசை கிளம்பும்போது கடிகாரத்தை அழுத்தக் கூடாது,
ஆள் அசையும்போதுதான்.
தலையோ தோளோ விரல்நுனியோ
எது முதலில் நகர்கிறதோ அங்கே தொடங்குகிறது கணக்கு.
பதினேழு வருஷமாய் நான் பார்ப்பதெல்லாம்
மனிதர்கள் அசைவதற்குச் சற்று முன்னால்
எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான்.
பெரும்பாலும் மூச்சு விடுவதில்லை.

காலையில் ஒய்வா.
குழாய் ரிப்பேர்க்காரர், வெள்ளிப் பிரிவு, இரண்டாம் கட்டு.
சுழலும்போது சட்டைப் பொத்தான் தெறித்தது.
உடையிலிருந்து உதிர்ந்தால் ஒரு புள்ளி கழிவு.
அது எங்கே போச்சு என்று பார்த்ததில் விழுந்தார்,
இன்னொன்று.
யானைக்கும் அடி சறுக்கும், சரி.
யானையிடம் யாரும் பொத்தான் கேட்பதில்லை.

மதியத்துக்கு மேல்
வெண்கலப் பிரிவு, ஐந்தாம் கட்டு, பெண்கள்.
பட்டியலில் ஒரே பெயர்: ஹில்லெவி கார்ப்பனென்.
நாற்பது வருஷம் மருந்துக்கடையில்
பொடி எழுத்துகளையே படித்தவர்.
எதிராளி கிடையாது.
ஆடி முடித்தால் முதலிடம்,
கடைசி இடமும் அவருடையதே.

வெண்கலத்தில் ஆக்சல் தாவக் கூடாது.
மற்றத் தாவல்கள் எல்லாம் பின்னோக்கிப் போய்க் கிளம்புபவை,
இது ஒன்றுதான் போகிற திசையைப் பார்த்துக்கொண்டே எழும்பும்,
அதனால் அரைச்சுற்று கூடுதல்.
அந்த அரைச்சுற்றுக்கு
அவருக்குப் பதினோரு வருஷமும்
இடது மணிக்கட்டில் ஒரு தகடும் ஆகியிருந்தது.
ஜனவரியில்தான் கைகூடியது.
பெயர் கொடுக்கக் கடைசி நாள் நவம்பரில் போயாயிற்று.

இசை ஓடுகிறது, அவர் அசையவில்லை.
நான்கு நொடி, ஐந்து,
என் கட்டைவிரல் மரத்துப்போகிறது.
பிறகு வலக்கை மட்டும்,
மாத்திரை எண்ணும் கையைப் போல.

நடுவில், எங்கள் மேசைக்கு நேர் எதிரே,
முன்னால் பார்த்தபடி வந்தார்.
டோர்ஸ்டி, தலைமை நடுவர், பேனாவை நிறுத்தினார்.
எழும்பினார்.
உயரம் ஒன்றும் பெரிதில்லை, ஒரு பேரகராதி அளவு.
இறங்கியது இரண்டு காலில்.
விழவில்லை.

"என்ன அது?" என்றார் டோர்ஸ்டி.
"ஒன்றுமில்லை," என்றாள் சைமி,
தாவல்களுக்குப் பெயர் சொல்பவள்.
"விதிப்படி ஒன்றுமில்லை."
மதிப்பு சைபர், மேலே ஒரு கழிவு.

முடிவு: முதலிடம்.
அதைக் கழித்தாலும் முதலிடம்,
அதையே பத்துத் தடவை கழித்தாலும்.
தன் புள்ளியைத் தானே செலவழிக்கலாம் என்பது
விதிப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை,
கூடாது என்பதும் இல்லை.
தேடியிருக்கிறார்.

பதக்கத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
மதிப்பெண் தாளைத்தான் கேட்டார்.
மூன்றாவது வரியில் அச்சாகியிருந்தது
ஆக்சல் என்று. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்,
பிறகு சைபர் சைபர்.
நட்சத்திரம் என்றால் செல்லாதது என்று பொருள்,
தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
அந்த வரியின் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தார்.

"எழுதியிருக்கிறீர்கள் அல்லவா," என்றார்.
மருந்துச் சீட்டை மடிப்பதுபோல மூன்றாக மடித்தார்.

அடுத்த பிரிவுக்காக
பனியை மழிக்கும் வண்டி சுற்றிவிட்டு வந்தது.
ஓட்டுகிற பையன் என் மேசைக்கு வந்து
உள்ளங்கையைத் திறந்தான்.
நீலப் பொத்தான்.
யாருடையது, எத்தனை மணிக்கு விழுந்தது,
எல்லாம் என்னிடம் இருக்கிறது.