ஓரெழுத்து அதிகம்

போர் லூயி துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா
வைத்திலிங்கம் என்று காதில் விழுந்ததை
வித்தெலிங்கோம் என்று பதிந்தான்.
நாங்களும் வித்தெலிங்கோம் ஆனோம்.
பிறப்புச் சான்றில், வீட்டுப் பத்திரத்தில், கரண்ட் பில்லில்
நூற்றைம்பது வருடமாய்
அந்தப் பிழைக்குத்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

அவள், ஒருவேளை அவன்,
பிழையோடு இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்தாள்.
யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

படம் என்னுடையதே.
தங்கை மகள் கல்யாணத்தன்று
த்ரூ ஓ பீஷ் கடற்கரையில் எடுத்தது.
என் தோள்மேல் ஒரு கை மட்டும் நிற்கிறது,
கைக்குரிய தங்கையை வெட்டி எறிந்துவிட்டு.

ரோஸ் ஹில்லில் எனக்கென்று இருந்தது
ஒரு தையல் மிஷின், பதினெட்டுப் பேர் சீட்டு.
புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறிய மாலையிலும்
ஜன்னல் கம்பி வழியே
ஃபரீதாவுக்கு அவள் தொகையை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்,
நோட்டுகள் நனையாமல்.

செய்தி கிரியோலில் வந்தது,
நான் எழுதுகிற மாதிரியே தப்பும் தவறுமாய்:
ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், இது புது நம்பர்,
யாரிடமும் சொல்லாதே, வெட்கமாயிருக்கிறது.
ஆறு பேர் அனுப்பினார்கள்.
"வெட்கம் என்று இருந்ததால்தான் நம்பினேன்" என்றாள் மரி-ஜோசே.
"நீ அப்படித்தானே."

நானில்லை, நானில்லை என்று எல்லோருக்கும் எழுதினேன்.
அவளும் எழுதியிருந்தாள்:
கவனம், என் பெயரில் ஒரு போலி திரிகிறது.
என்னைவிட நாலு நிமிடம் முந்தி.

போலீஸ் நிலையத்தில் அடையாள அட்டை கேட்டார்கள்.
அட்டையையும் திரையையும் மாறிமாறிப் பார்த்த இளைஞன்
"நீங்கள் எந்தக் கமலாட்சி?" என்றான்.
சிரிக்கவில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.

பிறகு பெரிதாக எதுவும் நடக்கவில்லை.
தைக்கக் கொடுத்தவர்கள் வந்து
"அவசரமில்லை, பரவாயில்லை" என்று
வெட்டாத துணியை வாங்கிக்கொண்டு போனார்கள்.
மெட்ரோவில் ஃபரீதா பக்கத்தில் உட்கார்ந்தேன்;
பேச்சை நிறுத்தாமல்
கைப்பையை அந்தப் பக்கத் தொடைக்கு மாற்றினாள்.
அவளுக்கே தெரியாது. கை செய்தது.

ஜூலையில் சீட்டை முடித்தேன்.
ஏமாந்தவர்களுக்கும் என் பணத்திலிருந்தே கொடுத்தேன்,
வளையல் ரெண்டு போயின.
கொடுத்திருக்கக் கூடாது.
எடுக்காதவள் ஏன் திருப்பித் தருகிறாள் என்று
தால் பூரி வண்டிக்கு முன்னால் வரிசையில்
யாரோ யாரிடமோ கேட்டார்கள்.
எண்ணெய் மணம், தூறல், என் முறை வந்தது.
ரெண்டு போதும் என்றேன், மூன்று வேண்டியிருந்தும்.

கடைசியாக ஆர்முகோம் ஐயா.
எட்டாயிரம் ரூபாய், மனைவி இறந்து தனியாக இருக்கிறவர்.
உறையை அவர் தொடவில்லை.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

பணம் கேட்கும் முன்பு பதினொரு நாள்.
ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு.
முழங்கால் எப்படி இருக்கிறது?
மாத்திரை போட்டாயிற்றா?
நேற்று கொல்லையில் விழுந்த பப்பாளிக் கிளையை
யாராவது எடுத்துப் போட்டார்களா?
ஒவ்வொன்றின் தலையிலும் என் முகம்,
தோளில் அந்தக் கை.

இருபது வருடம் ஒரே தெரு.
அவருக்கு முழங்கால் வலி என்பதே
எனக்கு அப்போதுதான் தெரியும்.

"போலி என்று என் மகன் சொல்லிவிட்டான்" என்றார்.
"அடுத்த நாளும் ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தேன்."

எழுந்து கதவு வரை வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு.
கால் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் கேட்பது போலவே இருக்கும் என்று
மூடிக்கொண்டேன்.