இருபது சென்டிமீட்டர்

கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க ஒரே கேள்வி:
இது தெளிவா, இதுவா?
ஒரு வில்லையை எடுப்பேன், இன்னொன்றைச் செருகுவேன்.
அக்தோபேயில் பாதிப் பேரின் கண்ணளவு
எனக்கு மனப்பாடம்.

உன்னிடம் கேட்க முடியவில்லை, பொத்தாகோஸ்.
ஒட்டகக் கன்றின் கண் என்று பெயர் வைத்துவிட்டோம்,
அந்தக் கண்ணோ பிறந்த வாரமே
ஒன்று என்னிடம், ஒன்று கதவிடம் போனது.
தானாகச் சேர்ந்துவிடும், பயப்படாதீர்கள் என்று
எத்தனை தாய்களுக்குச் சொன்ன வாய் இது.
அன்றிரவு தூங்கவில்லை.

நீ அழுதாய், கண்ணீர் வரவில்லை.
சிரித்தாய், முதன்முதலில், என்னைப் பார்த்தல்ல,
குளிர்பெட்டியின் கைப்பிடியைப் பார்த்து.
வெள்ளைக் கதவில் ஒரு கறுப்புக் கோடு:
அதைவிட அழகு அப்போது உலகத்தில் இல்லை.
கண்ணேறு படாதிருக்க ஜிபெக் கட்டிய மணியில்
கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள்.
பிறர் கண்ணைத் தடுக்க வந்த மணி
உன் கண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது.
பார்க்கத் தெரிந்தது, விலகத் தெரியவில்லை;
மாட்டிக்கொண்டு அழுவாய்,
உள்ளங்கையால் மறைத்து உன்னை விடுவிப்பேன்.

எனக்கு மைனஸ் ஐந்து.
கண்ணாடியைக் கழற்றினால்
இருபது சென்டிமீட்டர் வரைதான் தெளிவு,
அதற்கப்பால் கஞ்சி.
பால் குடிக்கும் உன் கண்ணிலிருந்து என் முகம் எவ்வளவு தூரம்?
அளவுகோல் வைத்தே பார்த்தேன், சிரிக்காதே.
வெளியேயும் மைனஸ்தான், முப்பது.
வெந்நீர்க் குழாய்கள் முனகும் அந்த டிசம்பர் இரவுகளில்
சுவர் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
ஒரே எல்லைக்குள் இரண்டு பேர்.

மெய்ராமுக்கு தெங்கிஸ் எண்ணெய் வயலில்
இருபத்தெட்டு நாள், வீட்டில் இருபத்தெட்டு நாள்.
முதல் தடவை வந்து வாசலிலிருந்தே பேசினான்.
நீ குரலைத் தேடிக் காற்றைப் பார்த்தாய்.
குனி, என்றேன். இன்னும் குனி.
மூக்கு தொடும் தூரத்தில்
அவன் நெற்றியில் முடி தொடங்கும் விளிம்பைப் பார்த்தாய்,
முகத்தை அல்ல.
போதும் அவனுக்கு, ஊரெல்லாம் சொன்னான்.

பிறகு ஒவ்வொரு முறையும்
வீட்டில் வேறொரு குழந்தை இருந்தது.
ஜனவரி முடிவில் அவன் சிவப்புக் கையுறை
இடமிருந்து வலம் போக, நீயும் போனாய்.
மார்ச்சில் உன் கையைக் கண்டுபிடித்தாய்;
விலை கேட்டுவிட்டுச் சட்டகத்தை
திருப்பித் திருப்பிப் பார்க்கும் கிழவரைப் போல
அதை வாங்கலாமா என்று யோசித்தாய்.
ஏப்ரலில் ஒரு நாள் இரு கண்ணும் ஒன்றாய்த் திரும்பின.
கை நீட்டினாய். என் கம்மல் அங்கேயே இருந்தது,
காற்றில் தப்பவில்லை.
வலித்தது. கத்தினேன். சந்தோஷம்.

ஜூலையில் மெய்ராம் தாடியை மழித்துக்கொண்டு வந்தான்,
வாயுமுகமூடிக்குப் புதுச் சட்டமாம்.
கதவில் நின்றவனை நீ அளந்தாய்.
உதடு பிதுங்கியது.
இந்த முறை கண்ணீரோடு.
செருப்பைக் கழற்றாமல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.
பார்வை சரி, குறிப்பெழுதலாம் என்றாள்
எனக்குள்ளிருந்த கடைக்காரி.
மனைவி ஒன்றும் சொல்லாமல்
தேநீர் வைக்கப் போனாள்.

பத்து நாளாயிற்று அவன் மடிக்கு நீ போக.
இன்று அவன் திரும்பிப் போகிற நாள்.
ஐந்தாம் மாடி ஜன்னலில் நாம்.
கீழே முற்றம், ஊஞ்சல், பையோடு அவன்;
அவ்வளவும் பார்த்தேன்,
அதற்குள் என் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாய்.
முற்றம் கஞ்சியானது.
நீ மட்டும் தெரிந்தாய், நீ என்னைப் பார்க்கவில்லை.
எங்கேயோ, வெகு கீழே,
நகரும் ஒன்றின் பின்னால் உன் கண் நகர்ந்தது.
முகத்தை நெருக்கினேன். உன் பாவையில்
நகத்தளவு ஒரு ஜன்னல், அதில் வெளிச்சம் மட்டும்.

தெரிகிறானா? கேட்டேன்.
இப்போது?
இப்போதும் தெரிகிறானா?

என் கண்ணாடி இருந்த கையால்
கதவுக்கண்ணாடியைத் தட்டினாய், தட்டிக்கொண்டே இருந்தாய்.