லாச்சி

என் பெயர் லாச்சி.
யாரோ மேசையிலிருந்து கழற்றி எறிந்த லாச்சிக்குள்
மழையில் கிடந்தேனாம்.
வருகிறவர்களுக்கெல்லாம் தர்மினி சொல்லுவாள்.
எனக்கு நினைவில்லை.
நனைந்த பலகையின் வாசம் மட்டும் இருக்கிறது.
யாராவது அலுமாரியைத் திறந்தால்
வால் தானாக ஆடும்.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி எங்களுக்கு.
லிஃப்டுக்குள்
காலையில் எல்லோரும் சவர்க்காரம்,
மாலையில் எல்லோரும் பஸ்.
இரண்டாம் மாடிக் கணக்காளர் என்னைக் கண்டால்
சுவரோடு ஒட்டிக்கொள்வார்,
புளித்த மோர் மணக்கும் அவருடைய பயம்.
அவருக்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.
இதுவும் ஒரு சிநேகிதம்தான்,
அவருக்குத் தெரியாது.

கீழே வாசலில் காவலுக்கு பந்துல.
மாலு பாணின் மூலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு
கமராவை அண்ணாந்து பார்ப்பான்,
கமராவும் அவனும் பேசிவைத்தது போல.
அவன் ‘மெஹே வரென்’ என்பான், வருவேன்.
தர்மினி ‘இரு’ என்பாள், இருப்பேன்.
வருவதென்றால் சிங்களம், இருப்பதென்றால் தமிழ்
என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

மூன்றாம் மாடி பஸீஹா
என்னைத் தொடுவதில்லை.
எத்தனையோ மழைகளாக எங்களோடு கடலுக்கு வருகிறாள்,
ஒரு கை தூரம் விட்டு.
என் மூக்கு ஈரம், அதுதான் கரைச்சல்.
அந்தத் தூரத்தை அளந்து வைத்திருக்கிறேன்,
ஒருநாளும் மிதித்ததில்லை.
அவர்கள் கதைப்பார்கள்.
மீன் விலை, மனேஜர், முழங்கால் நோ.
சிலவேளை கதையே இல்லாமல்
நாலு செருப்புகள் ஒரே தாளத்தில் போகும்,
அப்போதுதான் அதிகம் கதைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பிறகொரு நாள் படிக்கட்டில் குரல் உயர்ந்தது.
சீட்டு, என்றாள் ஒருத்தி.
சீட்டு, என்றாள் மற்றவள்.
கதவு.
சீட்டென்றால் என்ன, எங்கே வைத்திருக்கிறார்கள்,
கடித்துக் கிழிக்கலாமா,
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு செருப்புகள்தான்.
தர்மினி ஃபோனை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள்.
ரயில் வருவதை முதலில் என் பாதத்துக்குச் சொல்லும் தண்டவாளம்,
நான் அவளுக்குச் சொல்லுவேன்,
அவளுக்குக் கேட்காது.
தெருநாய் ஒற்றைக்காது
வேலியோரம் வந்து விசாரித்தது,
மற்றவள் எங்கே என்று.
மோந்து பார்த்துத் தானே விளங்கிக்கொண்டது.

கரண்ட் போன ஒரு இரவு.
லிஃப்ட் செத்துக் கிடந்தது.
படியேறினோம். அரிசிப் பை அவளுக்கு, கயிறு எனக்கு.
மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.
‘இரு’ என்று யாரும் சொல்லவில்லை.
இழுத்தாள். நாய் கனக்கும், வேண்டுமென்றால்.
கதவுக்கு அந்தப் பக்கம் பஸீஹா நின்றாள்:
கராம்பு, ஈரத் தலைமுடி, வெறுங்கால்.
இந்தப் பக்கம் இவள்.
நடுவில் ஒரு பலகை.
இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

குரைத்தேன். ஒரு தரம்.

சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது.
‘ஒன்ட நாய் கத்துது.’
‘தெரியும்.’
அன்றைக்கு அவ்வளவுதான்.

சீட்டு என்னவானதென்று இன்றைக்கும் தெரியாது.
முந்தி மாதிரிச் சிரிப்பதும் இல்லை.
ஆனால் நேற்று ரயில் பாதையைக் கடக்கும்போது
தர்மினியின் செருப்பு வார் அறுந்தது.
குனிந்தாள்.
குனியும்போது கயிற்றை நீட்டினாள், யோசிக்காமல்.
யோசிக்காமல் வாங்கினாள் பஸீஹா.

முதல் தடவை.
கயிற்றின் மறுமுனையில் வேறொரு நாடி,
கொஞ்சம் வேகமாக.

நான் இழுக்கவேயில்லை.
ஒரு நாய்க்கு அது எவ்வளவு கஷ்டமென்று
அந்த நேரம் பார்த்துக் கல்லிடுக்கிலிருந்து
நண்டு ஓடியதைக் கண்டவர்களுக்குத்தான் விளங்கும்.